பைன் மரத்தில் ஒரு வல்லூறுக் குடும்பம்

ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் காடுகள் ஊமையாகிவிடுகின்றன. வசந்தத்தில் விடியுமுன்பே தொடங்கிப் பாடித் தீர்த்த பறவைகளெல்லாம் குஞ்சுகளை ஆளாக்கிவிட்டு, பழைய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும் வரை புதர்களுக்குள் ஒதுங்கிக்கொள்கின்றன. உழவாரன்கள் மாதத்தின் முதல் வாரத்திலேயே பெரும்பாலும் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடும். மரங்களில் இலை அடர்ந்து கிடப்பதால், இருக்கிற பறவைகளும் கண்ணில் படுவதில்லை. என்னுடன் பறவை பார்க்க வருபவர்களில் பலர் இந்த மாதத்தில் பைனாகுலரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போய்விடுவார்கள். வேறு சிலர் கடலோரச் சேற்றுநிலங்களில் உள்ளான்களைத் தேடிப் போவார்கள். நாங்கள் ஒரு சிறு குழு மட்டும் சரே கவுண்டியின் மேற்கே உள்ள ஒரு புதர்வெளிக்குப் போகிறோம். எங்களைப் பொறுத்தவரை ஆண்டின் முக்கியமான பருவம் அப்போதுதான் ஆரம்பமாகிறது.

அதற்குக் காரணம் ஹாபி என்று இங்கே அழைக்கப்படும் சிறிய வல்லூறு. நம்மூர் மலைப்பாறைகளில் வாழும் பொரி வல்லூற்றுக்கு இது நெருங்கிய உறவு. ஆனால் உருவத்தில் மிகச் சிறியது. ஆண் பறவை சுமார் 180 கிராமும் பெண் சுமார் 240 கிராமும் எடை இருக்கும். கரும்பலகை நிறத்தில் முதுகு, வெள்ளைக் கன்னத்தில் இறங்கும் கறுப்பு மீசை, வெளிர்நிற மார்பில் நெடுக்காக ஓடும் அடர்ந்த கோடுகள், தொடையிலும் வாலடியிலும் செங்கல் சிவப்பு. அரிவாள் போல வளைந்து நீண்ட இறக்கைகளைக் கொண்டிருப்பதால், தொலைவில் பறக்கும்போது பெரிய உழவாரன் ஒன்றோ என்று தோன்றும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, செப்டம்பர் முடிவதற்குள் பெரும்பாலும் திரும்பிப் போய்விடும் விருந்தாளி இது. 1960களில் தென் இங்கிலாந்தின் புதர்வெளிகளில் நூறு ஜோடிகள் அளவில்தான் இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்; இன்று பிரிட்டனில் ஏறக்குறைய 2,000 ஜோடிகள் இருக்கின்றன. வேட்டைப் பண்ணைக் காவலர்களின் துப்பாக்கிக்கும் முட்டை திருடுபவர்களுக்கும் பலியாவது குறைந்தது, சரளைக்கல் தோண்டிய குழிகள் நீர் நிறைந்து தும்பிகள் பெருகியது, கோடைக்காலம் வெப்பமானது என்று இந்த வளர்ச்சிக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன.

கூடு இருக்கும் இடத்தை நான் எழுதப் போவதில்லை. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தில், தனிப் பாதுகாப்பு தரப்பட்ட பறவைகளுக்கான முதல் அட்டவணையில் ஹாபியும் இருக்கிறது. கூடு கட்டும்போதோ, முட்டையும் குஞ்சும் இருக்கும்போதோ, கூட்டை விட்டு வந்த பின்னும் பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளம் பறவைகளையோ தெரிந்தே தொந்தரவு செய்வது குற்றம். காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேகரிப்பது 1954லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. இப்போது எங்களுக்குக் கவலை தருபவர்கள் பெரிய லென்ஸ்களுடன் மரத்தடிக்கே போய் நிற்கும் புகைப்படக்காரர்கள். நாங்கள் நிற்பது பொதுப்பாதை ஒன்றில், மணல்மேட்டின் மேல். கூட்டு மரத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சதுப்பும் ஊதாப் பூ பூத்த ஹெதர் புதர்களும் உண்டு. டெலஸ்கோப் இல்லாமல் பார்த்தால் பறவை ஒரு புள்ளிதான், அவ்வளவு தூரம். அந்தத் தூரத்திலிருந்து பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும் என்பது உண்மை. ஆனால் பறவை நம்மைப் பொருட்படுத்தாமல் தன் போக்கில் நடந்துகொள்வதைப் பார்க்க வேறு வழி கிடையாது.

எங்கள் குழுவில் மூத்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஹாபியைத் தேடுவதை அவர் மார்ச் மாதத்திலேயே, ஹாபி ஆப்பிரிக்காவில் இருக்கும்போதே தொடங்கிவிடுவார். இந்தப் பறவை சொந்தமாகக் கூடு கட்டுவதில்லை. காகம் கட்டி, குஞ்சு பொரித்து, ஜூன் மாத வாக்கில் கைவிட்டுப் போன கூட்டில் குடியேறிவிடும். ஆகவே இலை துளிர்க்கும் முன்பு காகங்கள் எந்தெந்த மரங்களில் சுள்ளி சேர்க்கின்றன என்று குறித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு அவர் காட்டுப்புறாக்களை நம்புகிறார். ஹாபி இருக்கும் மரத்தைச் சுற்றிக் காட்டுப்புறாக்கள் நெருக்கமாகக் கூடு கட்டும் என்பது அவருடைய அனுபவம். இத்தாலியில் பாப்ளர் தோட்டங்களில் நடத்தி 1999இல் வெளியான ஓர் ஆய்வு இதையே உறுதிப்படுத்தியது: ஹாபி தன் கூட்டருகே வரும் காகங்களை ஓட ஓட விரட்டுவதால், பக்கத்தில் குடியிருக்கும் புறாக்களின் முட்டைகளும் தப்பிவிடுகின்றன. தன்னைவிட இரண்டு மடங்கு அளவுக்கு எடையுள்ள புறாவை ஹாபி தின்னப் போவதில்லை என்பதால், இந்தக் குடித்தனத்தில் புறாவுக்கு நட்டம் ஏதும் இல்லை.

இந்தக் கோடையில் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அப்பாவும் மடக்கு நாற்காலியுடன் எங்களோடு வந்தார். பறவைகளில் அவருக்குப் பெரிய ஆர்வமில்லை. ஆனால் வயல் பார்த்து வாழ்ந்தவர். ஆகஸ்டு இரண்டாம் வாரத்திலும் கூட்டில் குஞ்சுகள் உட்கார்ந்திருப்பதை டெலஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஊரெல்லாம் அறுப்பு முடிஞ்ச பொறவு இது மட்டும் ஏன் நாத்து நடுது?" என்று கேட்டார். ஹாபியைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளில் இதுவே சரியான கேள்வி என்று நினைக்கிறேன். பிற பறவைகள் ஏப்ரலில் முட்டையிட்டு, புழுப் பூச்சிகள் பெருகும் மே மாதத்தில் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. ஹாபி ஜூன் மாதத்தின் நடுவில்தான் முட்டையிடும். ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாத்தல், பிறகு நான்கைந்து வாரம் கூட்டில் வளர்ப்பு என்று கணக்குப் போட்டால், குஞ்சுகளின் பசி உச்சத்தில் இருப்பது ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும். அந்த நேரத்தில்தான் தகைவிலான் என்ற சிறு பறவைகளின் இந்த ஆண்டுக் குஞ்சுகள், பறக்கத் தெரிந்தும் தப்பிக்கத் தெரியாமல், ஆகாயம் முழுக்கத் திரிகின்றன. பிறர் வீட்டு அறுவடையை நம்பித்தான் இது நாற்று நடுகிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

இதே கணக்கை இன்னும் துணிச்சலாகப் போடும் வல்லூறு ஒன்று மத்தியதரைக் கடல் தீவுகளில் இருக்கிறது. எலியனோரா வல்லூறு என்ற அந்தப் பறவை ஜூலைக் கடைசியில்தான் முட்டையிடத் தொடங்கும். ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கடல் கடந்து போகும் சிறு பறவைகளை ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பாறை விளிம்பிலிருந்து கிளம்பிப் பிடித்துக் குஞ்சுகளுக்குத் தரும். அதோடு ஒப்பிட்டால் எங்கள் ஹாபி மிதவாதிதான்.

எங்கள் ஜோடிக்கு இந்த ஆண்டு மூன்று குஞ்சுகள். கூட்டில் இருக்கும் வரை பார்ப்பதற்கு அதிகம் கிடைக்காது. பெண் பறவை பக்கத்து மரத்தின் காய்ந்த கிளையில் காவல் இருக்கும். வேட்டை முழுவதும் ஆணின் பொறுப்பு. மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது. திடீரென்று கூர்மையான, விரைவான "கியூ-கியூ-கியூ" என்ற குரல் கேட்கும். பெண் கிளையை விட்டுப் பாய்ந்து, வந்துகொண்டிருக்கும் ஆணை எதிர்கொண்டு, நடுவானிலேயே அதன் காலிலிருந்து இரையை வாங்கிக்கொண்டு திரும்பும். பறவை இரையாக இருந்தால் ஆண் வழியிலேயே எங்கோ அமர்ந்து இறகுகளைப் பிய்த்துச் சுத்தம் செய்துதான் கொண்டுவரும். அது பெரும்பாலும் தகைவிலான் இனத்துக் குஞ்சாகவே இருக்கும். எது என்று இத்தனை தூரத்திலிருந்து சொல்வது கடினம். பெரும்பாலான பார்வையாளர்கள் இந்தக் கட்டத்தைப் பார்த்து, குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் இறக்கை அடிப்பதைப் படம் பிடித்து, அவை பறந்துவிட்டன என்று தெரிந்ததும் குறிப்பேட்டை மூடிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், மெய்யான கதை அதற்கு மறுநாள்தான் தொடங்குகிறது. ஒரு குஞ்சு வல்லூறாக மாறுவது கூட்டில் நடப்பதில்லை. கூட்டை விட்டு வந்த பிறகு, ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரையிலான அந்தச் சில வாரங்களில் நடக்கிறது.

முதல் சில நாட்கள் மூன்றும் கூட்டு மரத்தையும் அதன் பக்கத்துப் பைன்களையும் விட்டு நகரவில்லை. டெலஸ்கோப்பில் அவற்றை நன்றாகப் பார்க்க முடிந்தது. பெற்றோரிடம் இருக்கும் சிவப்புத் தொடை இளம் பறவைகளிடம் இல்லை. அங்கே மங்கலான மஞ்சள் கலந்த பழுப்புதான். முதுகு இறகு ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெளிர்நிற விளிம்பு ஓடுவதால் உடம்பு முழுதும் செதில் செதிலாகத் தெரியும். அலகின் அடியில் இருக்கும் மெழுகுத்தோல் பெரிய பறவைகளுக்கு மஞ்சளாக இருக்க, இவற்றுக்கு நீலம் கலந்து வெளிறியிருந்தது. கிளை நுனியில் அமர்ந்துகொண்டு தலையை மேலும் கீழுமாக ஆட்டி, பறந்துபோகும் ஒவ்வொன்றையும் அளவெடுத்துக்கொண்டிருந்தன. புறா போனாலும் அந்தப் பார்வைதான். விமானம் போனாலும் அந்தப் பார்வைதான். ஆண் பறவை தொலைவில் வருவது எங்கள் கண்ணுக்குத் தெரியும் முன்பே அவற்றுக்குத் தெரிந்துவிடும்; மூன்றும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கும். அந்தக் கத்தல்தான் எங்களுக்கு எச்சரிக்கை மணி.

அடுத்த வாரத்தில் இரை வாங்கும் முறை மாறியது. இளம் பறவைகள் கிளையில் காத்திருப்பதை விட்டுவிட்டுத் தகப்பனை நோக்கி வானில் ஏறின. ஒரு மாலை ஆண் காலில் இரையுடன் சதுப்பின் மேல் வந்தபோது மூன்றும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பாய்ந்தன. முதலில் போனது வேகம் தணிக்கத் தெரியாமல் அதைத் தாண்டிப் பறந்துவிட்டது. இரண்டாவது பறவை அடியிலிருந்து மேலேறி, கடைசி நொடியில் மல்லாந்து, கால்களை ஆகாயத்துக்கு நீட்டியது. ஆண் பிடியை விட்டது. இரை ஒரு முழம்கூட விழுந்திருக்காது, இளம் பறவையின் கால் அதைக் கவ்விக்கொண்டது. மூன்றாவது பறவை கத்திக்கொண்டே அதன் பின்னால் மரம் வரைக்கும் துரத்திப் போனது. இதெல்லாம் நடந்து முடிய எடுத்த நேரத்தில் எங்களுள் ஒருவர் டெலஸ்கோப்பின் குவியத்தைச் சரிசெய்துகூட முடிக்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி அன்று முழுதும் புலம்பிக்கொண்டிருந்தார்.

பெற்றோர் வேட்டையைக் கற்றுக்கொடுக்கிறார்களா என்ற கேள்வியில் எங்கள் குழுவுக்குள் ஒற்றுமை கிடையாது. குழுவில் உள்ள உயிரியல் ஆசிரியை ஆம் என்பார். நடுவானில் இரையை விடுவதே ஒரு பாடம் என்பது அவர் கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் பார்த்த வரையில் பெரிய பறவைகள் செய்வது ஒன்றே ஒன்றுதான்: நாளாக நாளாக இரை கொண்டுவருவதைக் குறைக்கின்றன, கொண்டுவந்தாலும் கையில் கொடுக்காமல் துரத்தவிடுகின்றன. பசியும் துரத்தலும் சேர்ந்து மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. பின்னாளில் விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசு பெற்ற நிக்கோ டின்பெர்கன், இளைஞராக இருந்தபோது ஹாபிகளைத்தான் கவனித்து 1932இல் கட்டுரை வெளியிட்டார் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பறவை எதைப் பிறவியிலேயே அறிந்திருக்கிறது, எதைப் பழகிக் கற்கிறது என்று யோசிக்க விரும்பும் எவருக்கும் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

இளம் பறவைகளின் முதல் வேட்டை பெரிய இரைகளில் தொடங்குவதில்லை. சதுப்பின் குட்டைகளுக்கு மேல் ஆகஸ்டுக் கடைசியில் தும்பிகள் நிறைந்துவிடுகின்றன. மைக்ரன்ட் ஹாக்கர் என்ற நீலப் புள்ளித் தும்பியும், காமன் டார்ட்டர் என்ற சிறிய சிவப்புத் தும்பியும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். பெரிய ஹாபி தும்பி பிடிப்பது அவசரமே இல்லாத காரியம்: தாழ்வாக மிதந்து வரும், இறக்கையை இரண்டு முறை வேகமாக அடிக்கும், ஒரு கால் முன்னே நீளும், அவ்வளவுதான். பிறகு மேலேறி வட்டமிட்டபடியே காலை அலகுக்குக் கொண்டுவந்து, தும்பியின் சிறகுகளைக் கத்தரித்துக் கீழே விட்டுவிட்டு உடலை மட்டும் தின்னும். சதுப்பின் குறுக்கே போகும் பலகைப் பாதையில் நடக்கும்போது அந்தச் சிறகுகள் கிடப்பதைக் காணலாம். நான் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நரம்பு வலை ஒன்றுகூடக் கிழியவில்லை, நுனியருகே உள்ள பழுப்புக் கட்டம் அப்படியே இருந்தது, அடிப்பாகத்தில் மட்டும் சீராகத் துண்டிக்கப்பட்டிருந்தது.

இதே காரியத்தை இளம் பறவைகள் செய்த அழகு வேறு. ஒன்று தும்பியை நோக்கிப் பொரி வல்லூறு புறாவின் மேல் விழுவதுபோல அத்தனை வேகத்தில் விழுந்தது. தும்பி ஒரு விரல்கடை விலகிக்கொண்டது, பறவை ஹெதர் புதரில் போய் மோதாத குறைதான். இன்னொன்று காற்றில் மிதந்து வந்த முட்செடிப் பஞ்சைத் துரத்திப் பிடித்து, காலை அலகுக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டு விட்டெறிந்தது. சிறகு முளைத்த எறும்புகள் கூட்டங்கூட்டமாக எழும்பிய ஒரு புழுக்கமான பிற்பகல்தான் அவற்றுக்குத் திருப்பமாக அமைந்தது. தப்பி ஓடத் தெரியாத இரை கண்ணெதிரே ஆயிரக்கணக்கில் இருந்ததால், மூன்றும் பொழுது சாயும் வரை எடுத்து எடுத்துத் தின்றன. அதற்கு அடுத்த நாட்களில் தும்பிகளையும் பிடிக்கத் தொடங்கிவிட்டன. பெரிய பறவைகள் தங்கள் பசிக்குப் பூச்சிகளைப் பறந்தபடியே தின்றுவிட்டு, குஞ்சுகளுக்குப் பறவைகளையே சுமந்து வருவதன் நியாயமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு தும்பியைத் தூக்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் பறந்து வந்தால் கொண்டுவந்த கூலிகூடத் தேறாது. ஒரு தகைவிலானைத் தூக்கிவந்தால் ஒரு குஞ்சின் வயிறு நிரம்பும்.

மாதக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பல நாட்கள் தூறலும் குளிர்காற்றுமாக இருந்தது. தும்பிகள் எழும்பவில்லை, தகைவிலான்கள் நீர்நிலைகளின் மேல் தாழ்ந்து பறந்தன, ஹாபிகள் பைன் மரத்தின் தண்டை ஒட்டி நனைந்து உட்கார்ந்திருந்தன. மழை விட்ட முதல் காலையில் வாத்துப் பருந்து ஒன்று, பெரிய பெண் பறவை, மரக்கூட்டத்தின் ஓரமாகத் தாழ்வாக வந்தது. காஸ்ஹாக் என்று இங்கே சொல்லப்படும் இந்தப் பருந்து, பிரிட்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அழிந்துபோய், வளர்ப்பில் இருந்து தப்பியும் விடப்பட்டும் மீண்டும் பெருகிய இனம். இளம் ஹாபிகளுக்கு அதைவிடப் பெரிய எமன் கிடையாது. பெரிய ஹாபிகள் இரண்டும் அலறிக்கொண்டு அதன் முதுகில் மாறி மாறிப் பாய்ந்தன. பருந்து அவசரப்படாமல் காட்டுக்குள் போய் மறைந்தது. அதற்குப் பிறகு நாங்கள் பார்த்த இளம் பறவைகள் இரண்டு மட்டுமே. மூன்றாவதை அந்தப் பருந்து பிடித்துவிட்டது என்று சொல்ல எங்களிடம் சான்று எதுவும் இல்லை. மழை நாட்களின் பட்டினியில் போயிருக்கலாம், முன்னதாகவே கிளம்பிப் போயிருக்கவும் கூடும். மரத்தடியில் தேடிப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, மீதி இரண்டும் இங்கே இருக்கும் வரை யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று தபால்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

செப்டம்பரில் குடும்பம் புதர்வெளியிலேயே நிற்கவில்லை. காலையில் கூட்டு மரத்தருகே குரல் கேட்கும். பத்து மணி ஆகும்போது ஒன்றும் இருக்காது. அப்போது நாங்களும் காரை எடுத்துக்கொண்டு ஃப்ரென்ஷம் பெரிய குளத்துக்குப் போவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வின்செஸ்டர் பிஷப்பின் சமையலுக்கு மீன் வளர்ப்பதற்காக வெட்டிய குளம் அது. இப்போது தெற்கே புறப்படும் தகைவிலான்கள் கூடும் இடம். ஹாபி வந்துவிட்டது என்பதை அங்கே நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, தகைவிலான்களே சொல்லிவிடும். நீரின் மேல் பரவலாகப் பறந்துகொண்டிருந்தவை திடீரென ஒரே குரலில் கத்தி, நெருக்கமான கூட்டமாகி உயரே ஏறும். ஹாபிக்குக் கீழே இருப்பதுதான் ஆபத்து என்பது அவற்றுக்குத் தெரியும். ஆண் பறவை கூட்டத்தின் ஓரத்தில் பிரிந்த ஒன்றைத் தேர்ந்துகொண்டு விரட்டும். பாதிக்கு மேற்பட்ட விரட்டல்கள் வீணாகத்தான் போகின்றன. ஒரு நாள் இளம் பறவைகளில் ஒன்று, அநேகமாகப் பெண்ணாக இருக்க வேண்டும், தகப்பனுக்குப் பின்னால் வந்து, அது விட்டுவிட்ட தகைவிலானை நாணல் ஓரம் வரை துரத்திப் போய், நாங்கள் மூச்சுப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடித்தும்விட்டது. பிடித்ததை என்ன செய்வதென்று தெரியாமல் குளத்தை இரண்டு முறை சுற்றியது. பிறகு ஒரு வில்லோ மரத்தில் இறங்கியது.

நம்மூர் மின்கம்பிகளில் குளிர்காலத்தில் வரிசையாக அமரும் தகைவிலான்களை அப்பா அங்கே நினைவுகூர்ந்தார். அவை வட ஆசியாவிலிருந்தும் இமயமலைப் பக்கமிருந்தும் வருபவை. இங்கிலாந்தில் பிறந்த தகைவிலான்கள் நம் பக்கம் வருவதில்லை; சகாரா பாலைவனத்தைக் கடந்து தென்னாப்பிரிக்கா வரைக்கும் போகின்றன. ஹாபிகளும் அதே கண்டத்தின் தென்பாதிக்குத்தான் போகின்றன. ஜெர்மனியில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஹாபிகள் அங்கோலா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளில் குளிர்காலத்தைக் கழித்ததைக் கண்டறிந்திருக்கிறார்கள். அங்கே அவற்றின் முக்கிய உணவு, மழை பெய்து ஓய்ந்ததும் புற்றுகளிலிருந்து கிளம்பும் ஈசல். மழை எங்கே பெய்கிறதோ அங்கே இடம் மாறிக்கொண்டே இருக்கும். இதைச் சொன்னதும் அப்பாவுக்கு ஹாபியின் மேல் மரியாதை கூடிவிட்டது. ஈசலை எப்படிப் பிடிப்பது, அரிசியோடு சேர்த்து எப்படி வறுப்பது என்று தபால்காரருக்கு என்னை மொழிபெயர்க்க வைத்து விளக்கினார். அவரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் லட்சக்கணக்கில் கூடும் அமுர் வல்லூறுகளைப் பற்றித் தமிழ் வாசகர்கள் படித்திருப்பார்கள். 2013 நவம்பரில் கருவி பொருத்தி அனுப்பிய நாகா, வோக்கா, பாங்தி என்ற மூன்று பறவைகள் அரபிக்கடலைத் தாண்டித் தென் ஆப்பிரிக்கப் பகுதிகளுக்குப் போனதை அப்போது நாளிதழ்களில் தொடர்ந்து வெளியிட்டார்கள். அவற்றுக்கும் அங்கே ஈசல்தான் விருந்து. மங்கோலியாவிலும் சீனாவிலும் பிறந்த வல்லூறும் சரேயில் ஒரு காகக் கூட்டில் பிறந்த வல்லூறும் ஒரே புற்றிலிருந்து எழும் ஈசலுக்குப் போட்டியிடுகின்றன என்பதை நம்புவதற்கு எனக்கு இன்னும் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கிறது.

பெண் பறவை செப்டம்பர் முதல் பாதியிலேயே காணாமல் போனது. பிறகு ஆண். இளம் பறவைகள் இரண்டும் அதன் பின்னும் சில நாட்கள் தும்பிகளைத் தின்றுகொண்டு தனியாக இருந்தன. வழிகாட்ட யாரும் இல்லாமலேயே அவை கிளம்புகின்றன. வடகாற்று அடித்துத் தெளிந்த ஒரு காலைக்குப் பிறகு அங்கே காட்டுப்புறாக்களின் சத்தம் தவிர எதுவும் இல்லை. அதன் பின்னரே உரிமம் பெற்ற எங்கள் குழு உறுப்பினர் மரத்தடிக்குப் போய், விழுந்து கிடந்த இறகுகளைப் பொறுக்கிவந்தார். தகைவிலான் இனத்தவை, ஒரு வானம்பாடி, ஓர் உழவாரனின் நீண்ட இறக்கை இறகு. இளம் ஹாபியின் எலும்போ இறகுக் குவியலோ அங்கே இல்லை. கணக்குப் படிவத்தில் "கூட்டை விட்டுப் பறந்தவை: 3" என்று எழுதி பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளைக்கு அனுப்பியாயிற்று, அந்தப் படிவத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை.

எங்களுக்கு இப்போது வேறு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ஹெதர் புதர்வெளியைக் காப்பாற்ற வேண்டுமானால் அதில் தானாக முளைத்துப் பெருகும் பைன் மரங்களை வெட்டியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் சில பத்தாண்டுகளில் அது காடாகி, தும்பிக் குட்டைகளும் தூர்ந்துவிடும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லாப் பைன்களையும் வெட்டிவிட்டால் காகம் எங்கே கூடு கட்டும்? இடத்தைப் பராமரிப்பவர்களிடம் ஒரு வரைபடத்துடன் போய்ப் பேசினோம். கூட்டு மரம் உள்ள கூட்டத்தையும் சதுப்புக்கு அப்பால் உள்ள இன்னொன்றையும் விட்டுவிட ஒப்புக்கொண்டு, மரங்களில் அடையாளமும் இட்டுவிட்டார்கள். ஹாபிக்காக என்று கேட்டதும் அவர்களுக்குத் தயக்கமே இல்லை. பக்கத்துப் பண்ணையில் காகங்களைச் சுடுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்ல முடியுமா என்று கேட்டபோதுதான் சிரித்தார்கள். காகத்துக்காக வாதாட வருகிற பறவை ஆர்வலர்களை அவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். பண்ணைக்காரரிடம் பேசும் பொறுப்பைத் தபால்காரர் ஏற்றிருக்கிறார். அந்த வீட்டுக்குப் பல ஆண்டுகள் கடிதம் கொண்டுபோனவர் என்பதால் கதவையாவது திறப்பார்கள்.